தயாரிப்பாளர் என்றால் பணம் போட்டவரா? ஒரு முதல் ஆல்பத்தின் வழியே எளிய விளக்கம்

பில் விதர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் முதல் ஆல்பம் 1971ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்பது அதன் பெயர். 'நான் உள்ளபடியே' என்று பொருள் கொள்ளலாம். அதைப் பற்றி எங்கே படித்தாலும் மூன்று பெயர்கள் சேர்ந்தே வரும். பாடியவர் பில் விதர்ஸ், வெளியிட்ட நிறுவனத்தின் உரிமையாளர் கிளாரன்ஸ் அவாண்ட், தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ். தமிழ் வாசகருக்குக் கால் இடறுவது இந்த மூன்றாவது பெயரில்தான். திரைப்படச் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தயாரிப்பாளர் என்றால் பணம் போட்டவர். ஆகவே புக்கர் டி. ஜோன்ஸ் ஏதோ ஒரு செல்வந்தர் என்றும், பாட்டுக்கும் அவருக்கும் காசோலைக்கு அப்பால் தொடர்பில்லை என்றும் எண்ணிவிடுகிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இந்த ஒரு சொல் மட்டும் நம்மை வழிமாற்றிவிடுவதில்லை. ஆங்கிலத்தில் 'சாங்ரைட்டர்' என்பதைப் 'பாடலாசிரியர்' என்று எழுதுகிறோம்; ஆனால் நம் பாடலாசிரியர் சொற்களை மட்டுமே எழுதுபவர், அவர்களுடைய சாங்ரைட்டரோ சொல்லையும் மெட்டையும் சேர்த்தே உருவாக்குபவர். 'ஆல்பம்' என்ற சொல்லும் அப்படியே. திரைப்படத்தில் இடம்பெறாத தனிப்பாடல் ஒன்றைக்கூட நம் ஊரில் 'ஆல்பம் பாட்டு' என்று சொல்லிவிடுகிறோம். இந்த மூன்று சொற்களையும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்துவிட்டால், ஒரு சோல் இசைக் கலைஞரின் முதல் ஆல்பம் எப்படி உருவாகிறது என்பது தானாகவே விளங்கும். அதற்கு விதர்ஸின் ஆல்பத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டு

கல்யாண வீடு ஒன்றை நினைத்துக்கொள்வோம். மளிகைக்கும் காய்கறிக்கும் பணம் கொடுப்பவர் பெண்ணின் தகப்பனார். வத்தக்குழம்பின் பக்குவம் அந்த வீட்டுப் பாட்டியுடையது. அந்தக் குழம்பு பந்தியில் இருந்தே தீர வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் சமையல் மாஸ்டர் நிற்கிறார். பணம் அவருடையது அன்று, பக்குவமும் அவருடையது அன்று, பல நேரங்களில் கரண்டியைக்கூட அவர் தொடுவதில்லை. ஆனால் சாப்பாடு எப்படி அமைந்தது என்பதற்குப் பொறுப்பு அவர்தான்.

நான்கு பேருக்கு வைத்த குழம்பை நானூறு பேருக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் நூறால் பெருக்கினால் போதாது. உப்பும் புளியும் அப்படிப் பெருகுவதில்லை, பெரிய அண்டாவில் கொதிக்கும் நேரமும் மாறிவிடும். பாட்டியின் கைமணம் கெடாமல் அதைப் பெரிய பந்திக்குக் கொண்டுசெல்வதற்கு எதைச் சேர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், யாரை எந்த அடுப்பில் நிறுத்த வேண்டும், எப்போது 'போதும், இறக்கு' என்று சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அறிந்தவரே நல்ல மாஸ்டர்.

இசைத்தட்டுலகில் தயாரிப்பாளர் என்பவர் இந்தச் சமையல் மாஸ்டர். மளிகைக்குப் பணம் கொடுக்கும் தகப்பனாரின் இடத்தில் இருப்பது இசைத்தட்டு நிறுவனம். அதைத்தான் 'லேபிள்' என்கிறார்கள். பாட்டியின் இடத்தில் இருப்பவர், பாடலை எழுதியவர். விதர்ஸின் ஆல்பத்தில் லேபிள் அவாண்டின் சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ், மாஸ்டர் ஜோன்ஸ், பாட்டி விதர்ஸ்.

பக்குவத்துக்குச் சொந்தக்காரர்

சொல்லையும் மெட்டையும் தாமே அமைத்துத் தாமே பாடுபவரைக் குறிக்க நம் இசை மரபில் ஒரு நல்ல சொல் உண்டு: வாக்கேயக்காரர். ஆங்கிலத்தில் 'சிங்கர் சாங்ரைட்டர்' எனப்படுபவரை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பொருள் பக்தியிலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

'சோல்' என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். உருக்கமாகப் பாடப்படும் எந்தப் பாட்டையும் சோல் என்று அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சோல் என்பது உணர்ச்சியின் பெயரன்று. வரலாறு உள்ள ஓர் இசை வகையின் பெயர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடப்பட்ட காஸ்பல் இசையும், அவர்களுடைய உழைப்பிலும் துயரத்திலும் வளர்ந்த புளூஸ் இசையும் 1950களில் ஒன்றோடொன்று கலந்ததில் பிறந்தது அது. தேவாலயத்தில் ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் மறுமொழியாகப் பாடுவதும், கைதட்டலே தாளமாவதும், கடவுளை நோக்கிப் பாடிய அதே குரலில் காதலையும் கடனையும் பாடுவதும் அதன் அடையாளங்கள். விதர்ஸின் ஆல்பத்தில் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' என்று ஒரு பாடல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேவாலயத்தில் தட்டிய தம் பாட்டியின் கைகளைப் பற்றிய பாடல் அது; அவை அவ்வப்போது வலித்ததையும் வீங்கியதையும் பாடுகிறார். சோல் இசையின் பிறப்பிடத்தை இரண்டே நிமிடங்களில் நேரில் காட்டிவிடும் பாடல் என்பது என் எண்ணம்.

விதர்ஸ் 1938ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். சிறுவயதில் திக்குவாய் இருந்தது. அமெரிக்கக் கடற்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். பிறகு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து விமான உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். போயிங் 747 விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்வதும் அந்த வேலைகளில் ஒன்று. இரவு விடுதி ஒன்றில் பாட வேண்டிய நட்சத்திரப் பாடகர் நேரத்துக்கு வராததால், 'வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், ஆளைக் காணவில்லையே' என்று மேலாளர் புலம்பியதைக் கேட்டதாகவும், மணிக்கு 3 டாலர் சம்பாதித்துக்கொண்டிருந்த தம்மை அந்தத் தொகை உலுக்கியதாகவும் அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். அடகுக் கடையில் மலிவான கிடார் ஒன்றை வாங்கி, வேலை நேரம் போக மற்ற நேரத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

இந்தப் பின்னணி அக்காலத்துச் சோல் இசைக்கு ஓரளவு புதியது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பாடல் எழுதுபவர்கள், வாசிப்பவர்கள், பாடுபவர்கள் எல்லோரும் தனித்தனி ஆட்கள். அதை நிறுவிய பெரி கோர்டி முன்பு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வரிசையாகப் பாகங்களைப் பூட்டி வண்டியை வெளியே அனுப்பும் முறையை அவர் பாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வதுண்டு. விதர்ஸ் உண்மையாகவே தொழிற்சாலைத் தொழிலாளி. ஆனால் அவருடைய பாடல்கள் மட்டும் தொழிற்சாலை முறையில் பூட்டப்பட்டவை அல்ல என்பது வேடிக்கையான முரண்.

முதல் ஆல்பமும் முதல் முயற்சியும்

முதல் ஆல்பம் என்றதும் அதுதான் அந்தக் கலைஞரின் முதல் முயற்சி என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. விதர்ஸ் 1967இலேயே 'த்ரீ நைட்ஸ் அண்ட் எ மார்னிங்' என்ற பாடலைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. அதே பாடலைத் திருத்தி, 'ஹார்லெம்' என்ற பெயரில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஆல்பத்தின் முதல் பாடலாக வைத்தார். எழுதியவரும் பாடியவரும் மாறவில்லை; சமைத்த விதம் மாறியது. தயாரிப்பாளர் என்ன செய்கிறார் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த இரு பதிவுகளைத்தான்.

இரண்டுக்கும் இடையில் நிற்பது 'டெமோ'. டெமோ என்பது விற்பனைக்கான பதிவன்று. 'என்னிடம் இப்படிப்பட்ட பாடல்கள் இருக்கின்றன' என்று லேபிள்களுக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு. தொழிற்சாலைச் சம்பளத்தைச் சேமித்து அவற்றை ஒலிப்பதிவு செய்து, கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார் விதர்ஸ். 1970இன் தொடக்கத்தில் அவருடைய ஒலிநாடா கிளாரன்ஸ் அவாண்டின் காதுக்கு எட்டியது. அவாண்ட் ஒப்பந்தம் போட்டார். ஜோன்ஸிடம் தயாரிப்பை ஒப்படைத்தார்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: விதர்ஸ் ஒரு வாக்கேயக்காரர், அவரிடம் பாடல்கள் இருந்தன, டெமோவும் இருந்தது. பணம் தர ஒரு லேபிளும் கிடைத்துவிட்டது. ஆனால் ஆல்பம் இன்னும் இல்லை.

பணமும் கடிகாரமும்

லேபிள் தரும் பணம் பெரும்பாலும் நேரமாகவே செலவாகிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் 'செஷன்' கணக்கில் கூலி. செஷன் என்பது ஓர் ஒலிப்பதிவு அமர்வு, அமெரிக்க நடைமுறையில் வழக்கமாக 3 மணி நேரம். இந்தச் செலவை லேபிள் இனாமாகவும் கொடுப்பதில்லை. பின்னர் கலைஞருக்குச் சேர வேண்டிய உரிமத்தொகையிலிருந்து பிடித்துக்கொள்வதே இத்தொழிலின் பொதுவான வழக்கம். நம் கல்யாணத் தகப்பனார் இந்த இடத்தில் வட்டிக்கடைக்காரரைப் போலக் கொஞ்சம் தோன்றுவார்.

விதர்ஸின் ஆல்பத்துக்கு நான்கு அமர்வுகள் திட்டமிடப்பட்டன. அதாவது 12 மணி நேரத்தில் 12 பாடல்கள். சசெக்ஸ் சிறிய நிறுவனம். கையில் பணம் குறைந்ததால் அமர்வுகள் மூன்றாகச் சுருங்கின. அதிலும் இரண்டாவது அமர்வுக்கும் மூன்றாவது அமர்வுக்கும் இடையில் ஆறு மாதங்கள் ஓடின. அந்த ஆறு மாதமும் பாடகருக்குப் பிழைப்புத் தொழிற்சாலையில்தான். பாட்டுத்தொழிலை நம்பி வேலையை விட அவர் தயாராக இல்லை.

இந்தத் தட்டுப்பாட்டைப் பலர் ஓர் அழகான கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கோ அதில் ஒரு நடைமுறைப் பாடம் தெரிகிறது: மூன்று அமர்வில் முடிக்க வேண்டுமானால், பாடலைக் கூடத்துக்குள் வந்து யோசிக்க முடியாது. ஒவ்வொரு பாடலுக்கும் எத்தனை வாத்தியம், எவ்வளவு நீளம் என்பது முன்னரே ஒருவர் மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் தயாரிப்பாளர்.

தயாரிப்பாளர் செய்வது என்ன?

புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது வயது 26. அவர் தயாரிக்க வந்த 'புதுமுகம்' அவரைவிட ஆறு வயது மூத்தவர். ஆனால் இசைக்கூட அனுபவத்தில் ஜோன்ஸ் பழுத்தவர். மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பதின்வயதிலேயே ஆர்கன் வாசிக்கத் தொடங்கியவர். 1962இல் அவருடைய குழு வெளியிட்ட 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற வாத்திய இசை நாடெங்கும் ஒலித்தபோது அவருக்கு 17 வயது. கூடவே இண்டியானா பல்கலைக்கழகத்தில் முறையாக இசையும் படித்தார். காதாலும் ஏட்டாலும் இசை அறிந்தவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அவருடைய முதல் வேலை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. ஸ்டாக்ஸில் தம்மோடு வாசித்த பேஸ் கிடார் கலைஞர் டொனால்ட் டன்னையும் டிரம்ஸ் கலைஞர் ஆல் ஜாக்சனையும் அழைத்தார். கிடாருக்கு வந்தவர் ஸ்டீபன் ஸ்டில்ஸ். ராக் இசையில் அன்று பெரும் நட்சத்திரம். டன்னும் ஜாக்சனும் பல்லாண்டுகள் சேர்ந்தே வாசித்தவர்கள். கச்சேரிக்குப் பழகிய பக்கவாத்தியக்காரர்களைப் போல, ஒருவர் எங்கே நிறுத்துவார் என்பது மற்றவருக்குத் தெரியும். விதர்ஸ் தொழில்முறைக் கிடார் கலைஞர் அல்லர். தமக்குத் தெரிந்த சில கோர்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை, வைத்துப் பாடல் கட்டுபவர். அப்படிப்பட்டவரைச் சுற்றி வித்தை காட்டும் கலைஞர்களை நிறுத்தினால் பாடல் மூழ்கிவிடும். குறைவாக வாசிக்கத் தெரிந்தவர்களே அங்கே தேவைப்பட்டார்கள்.

இரண்டாவது வேலை, பாடகரைப் பாட வைப்பது. இது எளிதாகத் தோன்றும். ஆனால் இதைவிடக் கடினமான வேலை வேறில்லை. முதல் நாள், கையில் பாடல்கள் நிறைந்த நோட்டுப் புத்தகத்தோடு தொழிற்சாலையிலிருந்து நேராக வந்து சேர்ந்தார் விதர்ஸ் என்று ஜோன்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். கூடியிருந்த கலைஞர்களைப் பார்த்ததும் விதர்ஸ் அவரைத் தனியே அழைத்து, இந்தப் பாடல்களை யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டாராம். வேறு யாரோ ஒரு பாடகர் வரப்போகிறார் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நீங்கள்தான் பாடப்போகிறீர்கள் என்று ஜோன்ஸ் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தயக்கத்தின் சுவடு ஆல்பத்திலேயே இருக்கிறது. 'டூ இட் குட்' என்ற பாடலின் நடுவில் விதர்ஸ் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்: இதற்குமுன் செய்திராத ஒன்றைச் செய்ய வந்தேன்; அப்போது புக்கர் டி. என்னிடம், கவலைப்படாதீர்கள், நீங்கள் செய்வதையே செய்யுங்கள், அதை நன்றாகச் செய்யுங்கள் என்று சொன்னார் என்னும் பொருளில். தயாரிப்பாளரின் தொழிலைப் பற்றி இசைத்தட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கும் இதைவிட நேரான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒலிப்பதிவு என்பது புகைப்படம் அன்று

மூன்றாவது வேலையைப் புரிந்துகொள்ளச் சிறிது தொழில்நுட்பம் தேவை. ஒலிப்பதிவு என்றால் எல்லோரும் ஒரு மைக்கின் முன்னே நின்று பாட, அது அப்படியே பதிவாவது என்று நினைக்கிறோம். மிகப் பழைய இசைத்தட்டுகள் அப்படித்தான் உருவாயின. 1970ஆம் ஆண்டுவாக்கில் ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்களில் 'பல்தடப் பதிவு' வந்துவிட்டது. அகலமான ஒரே ஒலிநாடாவில், நெடுஞ்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் வண்டிகள் ஓடும் தடங்களைப் போல, 8 அல்லது 16 தடங்கள் இருக்கும். குரலுக்கு ஒரு தடம், பேஸுக்கு ஒன்று, டிரம்ஸுக்கு ஒன்றிரண்டு என்று பிரித்துப் பதிவு செய்வார்கள். எல்லோரும் ஒன்றாக வாசித்தாலும் ஒவ்வொருவரின் ஒலியும் தனித்தே கிடைக்கும். வயலின்களை வேறொரு நாளில்கூட மீதமுள்ள தடங்களில் சேர்க்கலாம்.

பிறகு அந்தத் தடங்களின் அளவைச் சரிபார்த்து, எதை முன்னே நிறுத்துவது, எதைப் பின்னே தள்ளுவது என்று முடிவு செய்து, இரண்டே தடங்களாகக் குறுக்கும் வேலைக்கு 'மிக்ஸிங்' என்று பெயர். எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைய வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று வகுப்பதற்குப் பெயர் 'அரேஞ்ச்மென்ட்'. தமிழில் இசைக்கோப்பு என்கிறோம். மெட்டு என்பது வேறு, இசைக்கோப்பு என்பது வேறு. மெட்டு விதர்ஸுடையது. தந்தி வாத்தியங்களுக்கான இசைக்கோப்பு ஜோன்ஸுடையது.

இந்த வசதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தடங்கள் காலியாக இருந்தால் நிரப்பத் தோன்றும். காலியான பரண் வீட்டில் இருந்தால் சாமான் சேர்ந்துவிடுவதைப் போல, காலியான தடத்தில் இன்னொரு கிடார், இன்னொரு கோரஸ் என்று ஏறிக்கொண்டே போகும். ஜோன்ஸின் தேர்ச்சி, பரணைக் காலியாகவே விட்டதில் தெரிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், தயாரிப்பாளர் ஆட்களைத் தேர்கிறார், பாடகருக்குத் துணிவு தருகிறார், பதிவான ஒலிகளில் எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். இந்த மூன்றாவதை ஒரே ஒரு பாடலை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

'ஐ நோ', 26 முறை

'எய்ன்ட் நோ சன்ஷைன்' என்ற பாடல் இரண்டு நிமிடத்தைச் சில நொடிகளே தாண்டும். அவள் போய்விட்டால் வெயிலே இல்லை என்பது மட்டுமே அதன் செய்தி. குடிக்கு அடிமையான கணவன் மனைவியைப் பற்றி 1962இல் வந்த 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' என்ற திரைப்படத்தைப் பார்த்தபோது தோன்றிய பாடல் என்று விதர்ஸ் கூறியிருக்கிறார். தமக்கு நல்லதில்லை என்று தெரிந்தும் விட முடியாத ஒன்றின் பாடல்.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டுப்பாருங்கள். நீண்ட முன்னிசை கிடையாது. எடுத்த எடுப்பிலேயே குரல் வந்துவிடும். தனியாகப் பல்லவி என்று ஒன்றும் இல்லை, ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்து பல்லவியின் வேலையைச் செய்கிறது. கிடாரும் பேஸும் டிரம்ஸும் அளவோடு ஒலிக்க, தந்தி வாத்தியங்கள் அடியில் மெல்லப் பரவுகின்றன. அதன் பிறகு மூன்றாவது சரணம் வர வேண்டிய இடத்தில், 'ஐ நோ' என்ற இரண்டே சொற்களை, அதாவது 'தெரியும்' என்பதை, விதர்ஸ் 26 முறை சொல்கிறார். அந்த நேரத்தில் மற்ற வாத்தியங்கள் விலகிவிடுகின்றன. குரலும் தாளமும் மட்டும். மூச்சு விட இடமில்லாமல் ஒருவர் தம்மோடு தாமே வாதாடுவதைப் போல இருக்கும்.

அது முன்கூட்டி யோசித்துச் செய்த உத்தி அன்று. அந்த இடத்துக்கு விதர்ஸிடம் சொற்கள் இல்லை. பிறகு எழுதி நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணித்தான் இடத்தை அடைப்பதற்காக அப்படிப் பாடினார். நம் திரையிசையில் மெட்டுக்குச் சொல் வரும்வரை 'தன்னானே' என்று தத்தகாரம் போட்டுப் பாடுவதற்கு ஒப்பானது அது. அதை அப்படியே விட்டுவிடும்படி ஜோன்ஸ் சொன்னார். கூடத்தில் இருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தாம் வெறும் தொழிற்சாலைத் தொழிலாளி, அவர்களோ அத்தனை அனுபவம் உள்ளவர்கள், அவர்கள் விடச் சொன்னதால் விட்டுவிட்டேன் என்று விதர்ஸ் பின்னர் விளக்கியிருக்கிறார்.

தயாரிப்பாளரின் பங்கு என்ன என்ற கேள்விக்கு இந்த இடம்தான் விடை. ஜோன்ஸ் அங்கே ஒரு சொல்லையும் எழுதவில்லை, ஒரு சுரத்தையும் சேர்க்கவில்லை. அரைகுறையாக நின்ற ஒன்றைக் கேட்டு, இது முடிந்துவிட்டது என்று கண்டுகொண்டார். பாடலை எழுதியவருக்கு அது தெரியவில்லை, தெரியவும் முடியாது. தாம் எழுத நினைத்திருந்த சரணம் அவர் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும், அதனால் அங்கே அவருக்குக் கேட்பது ஒரு குறை. வெளியிலிருந்து கேட்பவருக்கோ அது குறையாகக் கேட்பதில்லை. துயரம் முற்றிச் சொல் தீர்ந்துபோன மனிதன் ஒருவனின் குரலாகவே கேட்கிறது. சமையல் மாஸ்டர் 'போதும், இறக்கு' என்று சொல்லும் கணம் இது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அங்கே நாகரிகமான நான்கு வரிகள் ஏறியிருக்கும். பாடல் நன்றாகவே இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு பாடல்கள் ஆல்பமாவது எப்படி?

அன்றைய நீள இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். இரண்டு பக்கங்களையும் மனத்தில் வைத்து வரிசைப்படுத்தப்பட்ட பாடல்களின் தொகுதியே ஆல்பம். விதர்ஸின் ஆல்பத்தில் பக்கத்துக்கு ஆறு பாடல்கள். பத்து அவருடையவை, இரண்டு பிறருடையவை. அவ்விரண்டில் ஒன்று, முந்தைய ஆண்டில்தான் வெளிவந்திருந்த பீட்டில்ஸின் 'லெட் இட் பி'. வாக்கேயக்காரர் ஒருவர் பிறர் பாடலை எடுத்துக்கொள்வது குறைவன்று. தம் குரலுக்குள் அதை எப்படி இழுத்துக்கொள்கிறார் என்பதைக் காட்டும் இடம் அது.

ஆல்பத்திலிருந்து ஓரிரு பாடல்களை மட்டும் சிறிய இசைத்தட்டில் தனியே விற்பதற்குச் 'சிங்கிள்' என்று பெயர். வானொலிக்கு அனுப்புவது அதைத்தான். அதற்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. லேபிள் நம்பிக்கை வைத்த பாடல் ஏ பக்கத்தில் இருக்கும். மறுபக்கத்தைச் சும்மா விட முடியாதே என்பதற்காகச் சேர்க்கும் பாடல் பி பக்கத்தில். முதல் சிங்கிளின் ஏ பக்கத்தில் இருந்தது 'ஹார்லெம்'. 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பி பக்கம். வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அந்தப் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. சிறந்த ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ் இசை வகை) பாடலுக்கான கிராமி விருதை 1972இல் பெற்றது. அனுபவசாலிகளின் கணிப்பும் இப்படித் தவறுவது உண்டு. 26 முறை வரும் 'ஐ நோ'வைக் காப்பாற்றிய அதே கூட்டத்தின் பொருள், கடைக்குப் போகும்போது பின்பக்கத்தில்தான் இருந்தது.

கையில் சாப்பாட்டுப் பெட்டி

ஆல்பத்தின் உறைப் படத்தில் விதர்ஸ் செங்கற்சுவரின் அருகே நிற்கிறார், கையில் சாப்பாட்டுப் பெட்டி. கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் அவர் வேலை பார்த்த விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில், மதிய உணவு இடைவேளையின்போது எடுத்த படம் அது. சோல் பாடகர்கள் பளபளக்கும் உடையில் தோன்றிய காலத்தில் இப்படி ஒரு படத்தை வைப்பதும் தயாரிப்பு முடிவுகளைப் போன்ற ஒரு முடிவே: சேர்ப்பதற்கு எவ்வளவோ இருந்தும் சேர்க்காமல் விட்டது.

ஆல்பம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அந்த வேலையும் ஆட்குறைப்பில் போயிற்று. வெளிவந்த பிறகு ஒரே நாளில் தமக்கு இரண்டு கடிதங்கள் வந்ததாக விதர்ஸ் சொன்னதுண்டு. ஒன்று, மீண்டும் வேலைக்கு வரும்படி தொழிற்சாலையிலிருந்து. மற்றொன்று, ஜானி கார்சன் நடத்திய புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடுவதற்கான அழைப்பு. அந்தச் சிங்கிள் பத்து லட்சம் பிரதிகள் விற்றுத் தங்கத் தகுதி பெற்றபோது லேபிள் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தது. அது பொன்னிறத்தில் செய்த ஒரு கழிப்பறை இருக்கை.